முதல் பத்து நிமிடம்

ஈப்போ சாலைப் பேரங்காடியின் நான்காம் மாடியில்
ஆறு அரங்குகள். என் பொறுப்பில் மூன்று.
சீட்டுக் கிழிக்கும் வேலை இப்போது இல்லை,
கைப்பேசியில் தெரியும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்
தலையாட்டினால் போதும்.
பிறகு, தாமதமாய் வருகிறவர்களுக்கு
டார்ச் அடித்து இருக்கை காட்ட வேண்டும்.
பத்து நிமிடம்.
அதற்கப்புறம் வருகிறவர்
தானே தடவிக்கொண்டு போகட்டும் என்பது விதி.

அப்படித்தான் பதினொரு வருடமாய்
எல்லாப் படத்துக்கும் தலை பார்த்திருக்கிறேன்,
ஒரு படத்துக்கும் வால் பார்த்ததில்லை.

வானத்திலிருந்து நகரத்தைக் காட்டினால்
சோளப்பொரி மெல்லும் சத்தம் நிற்காது.
இரட்டைக் கோபுரம் வந்தால்
'அதோ நம்ம ஆபீஸ்' என்பான் எவனாவது.
'இது என் கதை' என்று ஒரு குரல் ஆரம்பித்தால்
மூன்றாம் வரிசையில் ஒரு கைப்பேசி எரியும்.
நாயகனின் காலணி முதலில் இறங்கினால்
விசில் உண்டு.
விசில் அடங்கியதும் அரங்கம்
காலி செய்த வாடகை வீடு மாதிரி ஆகிவிடும்.

ஆனால்
ஒரு பெண், பூட்டிய கதவை
இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள்.
படியிறங்கியவள் திரும்பி ஏறி வந்து
மறுபடி இழுக்கிறாள்.
வசனம் இல்லை, இசை இல்லை.
நூற்று நாற்பது வாய்
பாதி மென்றதோடு நிற்பதைக் கேட்டிருக்கிறேன்.
நிற்பதற்கும் ஒரு சத்தம் உண்டு.

மேலாளர் ஷஹ்ரீருக்கு வெடி வேண்டும்,
எடுத்த எடுப்பில் நாலு கார் எரிய வேண்டும்.
நான் வேறு கட்சி.
எதைக் காட்டுகிறான் என்று பார்க்க மாட்டேன்,
எதைக் கையில் வைத்துக்கொண்டு
விரலை மூடுகிறான் என்று பார்ப்பேன்.

முடிவெல்லாம் தில் பகதூருக்கு.
பெயர்கள் மேலே ஓடும்போதே
துடைப்பத்தோடு நுழைந்துவிடுவான்.
நேப்பாளி, தமிழ் தெரியாது.
நல்ல படமா என்று கேட்டால்
இருக்கைக்கு அடியில் கிடந்த டிஷ்யூக் கணக்கைச் சொல்வான்.

போன வியாழன், இரண்டாம் அரங்கு.
ஒரு சமையலறை. குழாய் சொட்டுகிறது.
ஐம்பது வயது ஆள்
இரண்டு தட்டைக் கழுவுகிறான்,
இரண்டையும் துடைத்து மேசையில் வைக்கிறான்.
வாசலைப் பார்க்கவில்லை.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன்
எதிர்த் தட்டை மெல்லக்
கவிழ்த்து வைத்தான்.

என் டார்ச் எப்போது அணைந்தது தெரியாது.
பின்னால் ஒருவர் நனைந்த குடையோடு நிற்கிறார்.
'என்னம்மா ஆச்சு இதுவரைக்கும்?'

எல்லாரும் கேட்பதுதான்.
'ஒண்ணும் ஆகல, இப்பத்தான் ஆரம்பம்'
என்பதுதான் என் பதில், பதினொரு வருடமாய்.
அன்றைக்கு அது வாயில் வரவில்லை.
'ஒரு தட்டக் கவுத்து வெச்சாரு' என்றேன்.
அவர் குடையை மடக்கினார்,
இருக்கை எண் சொல்லவில்லை,
என் பக்கத்திலேயே
படியில் உட்கார்ந்துகொண்டார்.

பதினோராம் நிமிடம் நான் வெளியே வந்துவிட்டேன்.
விதி என்பதால் அல்ல.
அந்த ஆள் அடுத்து வாய் திறந்து
எதையாவது விளக்கிவிடுவானோ என்ற பயம்.

ஊழியருக்கு மாதம் இரண்டு சீட்டு இலவசம்.
என் பங்கு எப்போதும் தங்கை மகன் கவினேஷுக்கு.
ஞாயிற்றுக்கிழமை அதே படத்துக்கு அவனை அனுப்பினேன்.
இரவு மாமாக் கடையில்
மைலோ ஐஸை உறிஞ்சிக்கொண்டே
'பெரியம்மா, கடைசில அந்த ஆளு...' என்று ஆரம்பித்தான்.
கையைக் காட்டி நிறுத்தினேன்.

அதெல்லாம் வேண்டாம்.
அந்தத் தட்டு மட்டும் சொல்லு.
யாராவது நிமித்தி வெச்சாங்களா?

'எந்தத் தட்டு?' என்றான்.
'மழை, பெரியம்மா.
செந்தூல்லேர்ந்தே ஜேம்.
நான் உள்ள போறப்பவே
கால் மணி நேரம் ஓடிப்போச்சு.'