ஒரு ஆள் கூடுது

"அழிறப்பர் ஒருக்காத் தாவன்" என்றாள்,
ஆறாம் வகுப்பு பி பிரிவில்
என் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட முதல் நாள்.
தாவச் சொல்கிறாளாக்கும் என்று
பெஞ்சிலிருந்து குதித்தேன்.
கணக்கு சார் திரும்பிப் பார்த்தார்.
மீதி வகுப்பு முழுக்க நான் நின்றேன்.
அவள் உட்கார்ந்திருந்தாள், காது சிவக்க,
நோட்டில் தப்பான ஏழு அப்படியே இருக்க.

பேர் டிலக்சிகா.
பதிவேட்டில் சார் அதை
ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி உடைப்பார்.
திலகசிகா. டீலக்ஸிகா.
ஒருநாள் வெறுமனே, "ஏம்மா, கேம்ப்பு."
எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்:
"உள்ளேன் ஐயா."

டீலக்ஸ் பஸ்ஸு, டீலக்ஸ் பஸ்ஸு என்று
பின்பெஞ்சு சிரித்தது.
நானும் சிரித்தேன்.
இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
ஆனால் சிரித்தேன்.

அப்புறம் ஒரு மத்தியானம்
கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையை
அவித்து எடுத்துப்போயிருந்தேன்.
"ஐ, கச்சான்!"
"மல்லாட்டை."
"கச்சான்."
"குறிஞ்சிப்பாடியில இது மல்லாட்டைதான்."
"உரிச்சா உள்ளுக்க இருக்கிறது கச்சான்தான்."
மணி அடிக்கும்வரை சண்டை.
குனிந்து பார்த்தால் டப்பாவில் தோல் மட்டும்.
பாதிக்கு மேல் அவள் தின்றிருந்தாள்.

ஜனவரியில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு
வகுப்போடு போவதாக முடிவானது.
தலைக்கு நூற்றைம்பது.
பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கட்டினாள்.
வெள்ளிக்கிழமை சாயந்திரம் சொன்னாள்:
"நாளைக்கு முகாமில செக்கிங்.
ஆக்களை எண்ணுவினம்.
ஒராள் குறைஞ்சாலும் அம்மாக்குக் கரைச்சல்."
"எண்ணி முடிச்சதும் வந்துடேன்."
"எத்தினை மணிக்கு வருவினம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

பள்ளிக்கூடத்தில் இல்லாவிட்டால் ஆப்சென்ட்.
சரி.
வீட்டில் இல்லாவிட்டாலும் ஆப்சென்ட் போடுகிற வீடு
எனக்கு அன்றிரவு புரியவே இல்லை.

பஸ் குள்ளஞ்சாவடி தாண்டும்போது
சார் பெயர் வாசித்தார்.
முதல்முறையாகப் பிசகாமல்
டி-லக்-சி-கா.
"உள்ளேன் ஐயா."
சொன்னது நான்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
என்ன போட்டார் என்று தெரியாது.
கெடிலம் பாலம் வந்ததும்
அவளுடைய நூற்றைம்பதை என் கையில் வைத்தார்.
"பத்திரமா கொடுத்துடு."

ஜாமெட்ரி பாக்ஸுக்குள் பதினைந்து தாள்.
அதனால் நான் அலையில் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை.
எல்லாரும் நனைந்தார்கள்.
நான் பாக்ஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
சரணடைந்தவள் மாதிரி.

திரும்பும்போது மணி நாலரை.
வீட்டுக்குப் போகாமல் முகாமுக்குப் போனேன்.
காலை எட்டு மணிக்கு நின்ற வரிசை
நிழலோடு நகர்ந்து நகர்ந்து
புளியமரத்தின் அந்தப் பக்கம் போயிருந்தது.
அதிகாரி அப்போதுதான் ஜீப்பை விட்டு இறங்கினார்.
டிலக்சிகா என்னைப் பார்த்துவிட்டாள்.
"வாவன்."
இந்தமுறை எனக்கு அர்த்தம் தெரியும்.
அவளுக்கும் அவள் தம்பிக்கும் நடுவில்
போய் நின்றேன்.

விரல் நீட்டி எண்ணினார்.
தாளைப் பார்த்தார்.
முதலிலிருந்து எண்ணினார்.
"என்னம்மா இது, ஒரு ஆள் கூடுது?"

யாரும் பேசவில்லை.
குறைந்தால் என்ன ஆகும் என்று அங்கே
கைக்குழந்தைக்கும் தெரியும்.
கூடினால் என்ன ஆகும் என்று
அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை போல.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளேன் ஐயா" என்றேன்,
செருப்பிலிருந்து மணல் உதிர.

"நீ யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள்
டிலக்சிகா முந்திக்கொண்டாள்:

"சேர், இது மல்லாட்டை."