முள் ஏறும் இடம்

ஓடும்போது ஒன்றுமில்லை.
மதுரவாயல் பைபாஸில் எண்பதில் போனால்
முள் பாதியில் படுத்துக் கிடக்கிறது.
அசோக் பில்லர் சிக்னல்
நூற்றிருபது நொடி நிற்கச் சொன்னால்
அறுபதில் புரண்டு படுக்கிறது,
தொண்ணூறில் எழுந்து
சிவப்பை நோக்கி நடக்கிறது.

"நிக்கறப்பவா, ஓடறப்பவா?"
தஸ்தகீரின் முதல் கேள்வி.
புதுப்பேட்டையில், கழற்றிய கதவுகளே சுவரான சந்தில்
பானட்டுக்குள் பாதி உடம்போடு கேட்டான்.
நானும் காலை ஆறு மணிக்கு
கதவு திறப்பவர்களிடம் இப்படித்தான் கேட்கிறேன்:
வெறும் வயிறா, சாப்பிட்டாச்சா?
ஊசி அதற்குப் பிறகுதான்.

நிக்கறப்ப, என்றேன்.
"அப்போ ஃபேன்."

ஃபேன் ஒழுங்காகத்தான் சுற்றியது.
இருந்தாலும் ரிலே மாற்றினான். நானூற்றைம்பது.
மூன்று நாள் நிம்மதி.
ஞாயிறும் இரண்டு விடுமுறையும் சேர்ந்த மூன்று நாள்,
ரோட்டில் ஆளில்லை.

நான்காம் நாள் வடபழனி,
மெட்ரோ தகரத் தடுப்புகளுக்கு நடுவே
முன்னாலும் போக முடியாது, ஓரமும் கிடையாது.
பின் சீட்டில் ஐஸ் பெட்டி.
அதற்குள் பதினான்கு பேரின் ரத்தம்,
ஒவ்வொரு குழாயிலும் என் கையெழுத்தில் ஒரு பெயர்.
போன் போட்டேன்.
"ஹீட்டரைப் போடுங்க."
எதை?
"ஹீட்டர். ஃபுல்லா. கண்ணாடி நாலையும் இறக்கிடுங்க."

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
சென்னையில் விற்கிற காருக்கு
ஹீட்டர் எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.
இன்ஜின் சூடெல்லாம் என் முட்டிக்கு வந்தது,
முட்டியிலிருந்து கழுத்துக்கு.
துப்பட்டாவை எடுத்து ஐஸ் பெட்டிக்குப் போர்த்தினேன்.
பக்கத்து ஆட்டோக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
எனக்கா காருக்கா என்று கேட்கவில்லை.
நானே குடித்தேன்.
முள் இறங்கியது.

"என்ன தண்ணி ஊத்தறீங்க?"
கூலன்ட்தான்.
வண்டி ஆறியபின் மூடியைத் திறந்து விரலை விட்டான்.
விரல் செங்கல் நிறத்தில் வந்தது.
டிகாக்‌ஷன் வாசனையோடு
"காபி குடிக்கலம்மா" என்று கை நீட்டும்
கே.கே. நகர் வேங்கடவரதன் சாரை நினைத்துக்கொண்டேன்.
போர் தண்ணி, என்றேன்.
எங்கள் ஃபிளாட்டில்
வாளியில் வெள்ளையாய்ப் படிகிறதே,
ஷவரின் கண்களை அடைக்கிறதே, அது.
அவன் திட்டவில்லை.
மூன்று தரம் கழுவிவிட்டான்.

மறுபடி முள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான்.
டீக்கடை பாய்லரிலிருந்து ஒரு சொம்பு கொதிநீர்,
அதற்குள் போட்டுக் குனிந்து பார்த்தோம்,
டீ மாஸ்டரும் சேர்த்து மூன்று தலை.
மெதுவாக வாய் திறந்தது.
"இதுவும் நல்லாத்தான் இருக்கு,"
ஏமாந்துபோனவன் குரல்.
எனக்குத் தெரியும் அந்தக் குரல்.
எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்,
ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போகிறார்.

கையாள் லோகு
எதையோ தேடி முன்பக்கம் டார்ச் அடித்தான்.
பின்னாலிருந்து பார்த்த தஸ்தகீர்
"அடிடா" என்றான்.
அடிச்சிட்டுத்தான் இருக்கேன்.
"வெளிச்சம் வரல."

ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே
இரண்டு விரல் சந்து.
அதிலிருந்து உரித்தார்கள்,
கிழிந்த கோரைப்பாய் மாதிரி ஒன்றை:
மெட்ரோ தோண்டிய மண், வேப்பம்பூ,
ஈசல் இறக்கை, இலவம்பஞ்சு,
யாரோ இறங்கியபின் எறிந்த பஸ் டிக்கெட்.
எனக்கு முன்னால் ஓட்டியவர்களின் தெருக்களும்
அதில் இருக்க வேண்டும்.
எது எவருடையது என்று பிரிக்க முடியாத சாம்பல்.

"ஓடறப்ப காத்து முட்டிக்கிட்டுப் பூந்துடும்.
நின்னா ஃபேன்தான் இழுக்கணும்.
எங்கேருந்து இழுக்கும்?"
முந்நூறு வாங்கிக்கொண்டான்.
ரிலே காசைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் அசோக் பில்லர்.
அறுபது. தொண்ணூறு. நூற்றுப் பத்து.
ஒரு கை ஹீட்டர் குமிழில் இருந்தது,
எப்போது வைத்தேன் என்று தெரியாது.
முள் அசையவில்லை.
இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் பஸ்காரர் ஹார்னில் கை வைத்து
எடுக்கவே இல்லை.
பச்சை விழுந்து வெகு நேரமாம்.