சாப்பாட்டு லிஃப்ட்

மாற்றுத்திறனாளிகளோடு வேட்பாளர்கள் சந்திப்பு
என்று பேனரில் போட்டிருந்தது.
செவ்வாய்ப்பேட்டையில் கல்யாண மண்டபம். முதல் மாடி.
இருபத்திரண்டு படி.
நான் எண்ணவில்லை.
என்னைத் தூக்கிய பையன் எண்ணினான்,
மூச்சுக்கு ஒன்றாக, என் காதோரம்.
என் சக்கர நாற்காலி எனக்கு முன்னால் போனது,
எதிர்க்கட்சிக்காரன் தோளில்.

எங்கள் எல்லாருக்கும் முன்னால்
சாம்பார் போய்விட்டது.
சுவரில் ஓர் இரும்புக் கதவு,
'சமையல் சாமான் மட்டும்' என்று சிவப்பு பெயிண்டில்.
பையன் மூச்சு வாங்க நின்ற படியிலிருந்து பார்த்தேன்,
ஒரு சொட்டு தளும்பாமல் ஏறியது அண்டா.

முதலாமவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு
நீங்கள் எல்லாம் கடவுளின் குழந்தைகள் என்றார்.
முன்வரிசைக் குழந்தை வீரபத்திரனுக்கு ஐம்பத்தெட்டு வயது.
பெட்டிக்கடை வைக்க இடம் கேட்டு
ஒன்பது வருடமாகத் திங்கட்கிழமைகளில்
கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் இருப்பார்.

இரண்டாமவர் என் பக்கம் குனிந்தார்.
என்ன வேலை பார்க்கிறாய் தங்கச்சி?
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை,
வளையம் பற்ற வைக்கிறேன் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
நடக்காத கால்கள்
நடக்கும் கால்களுக்குக் கொலுசு செய்கின்றனவே என்று
அவர் குரல் உடைந்தது.
கைதட்டல்.
கேமரா என் கால்களைத் தேடித் தாழ்ந்தது.
அய்யா, கொலுசு செய்வது கை.
வெள்ளி விலை ஏறுகிறது, கூலி
மூன்று வருடமாக அதே கூலி என்று
நான் சொல்லும்போது
மைக் வேறு ஆளிடம் போயிருந்தது.

பிரகலாதன் எழுந்து கைகளால் கேட்டார்:
பெரியாஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில்
என் மொழி தெரிந்தவர்
ஒருவரையாவது உட்கார வைப்பீர்களா?
மகள் யாமினி அதைக் குரலில் சொன்னாள்.
மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை.
எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் பாருங்கள் என்று
யாமினிக்குச் சால்வை போட்டார்கள்.
பிரகலாதனின் கைகள் இன்னும் காற்றில் இருந்தன,
கேட்ட இடத்திலேயே.

இருதயராஜ் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்.
இருபது வளைவையும் வயிற்றால் எண்ணிக்கொண்டே
இறங்குவேன் என்பார்.
அவர் கேட்டது சின்னதுதான்:
உங்கள் தேர்தல் அறிக்கையில்
எங்களைப் பற்றி எந்தப் பக்கம்?
மூன்றாமவர் புரட்டினார். உதவியாளர் புரட்டினார்.
காகிதம் புரளும் சத்தத்தை
இருதயராஜ் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்,
ரேடியோவில் நிலையம் தேடுகிறவர் போல.
நூற்றுப் பதினாறு என்றது கடைசியில் ஒரு குரல்.
கால்நடைக்கும் கதர்த் துறைக்கும் நடுவில்.
மூன்று வரி. ஆவன செய்யப்படும்.
அந்த அம்மா அறிக்கையை மூடினார்.
இதில் எனக்கு ஒன்றும் தெரியாது, உண்மையில், என்றார்.
மேடையில் ஒரு வேட்பாளர்
தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.
நம்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பத்தரைக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்,
அடுத்த வார்டில் ஆரத்தி காத்திருக்கிறது.
தூக்கி வந்த பையன்களும் அதே வேனில்.
மாடியில் நாங்கள் பதினொரு பேர்,
ஆளுக்கொரு தட்டுவடை செட்,
மூன்று தண்ணீர் பாட்டில், இருபத்திரண்டு படி.
வீரபத்திரன் போன் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.

பாத்திரம் கழுவ வந்த குப்பாயி
எங்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.
முன்னூறு கிலோ தாங்கும்ங்க.
ஆளா அண்டாவான்னு அதுக்கென்ன தெரியும்?

ஒவ்வொருவராக இறங்கினோம்.
இருட்டு, பெருங்காய வாசனை,
முழங்காலில் ஒட்டிய முருங்கைக்காய்ச் சக்கை.
ஒரு சொட்டு தளும்பவில்லை நான்.

மறுநாள் மண்டப மேனேஜருக்குப் போன் செய்தேன்.
கதவில் அந்த 'மட்டும்' இருக்கிறதே,
அதை மட்டும் அழித்துவிடுங்கள்.
செய்யலாம்மா, தேர்தல் முடியட்டும் என்றார்.
பெயிண்டர் ஒருத்தன்கூட ஊரில் இல்லை,
எல்லாரும்
சின்னம் வரையப் போயிருக்கிறார்கள்.