சரிவு இரண்டு சதவீதத்துக்கு மிகாமல்

வால்பரைசோ நகராட்சியில்
பூங்காக் குழுவின் குறிப்பெழுத்தன் நான்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை மணிக்குக் கலைந்தது:
அவ்வளவுதான் என் எல்லை.
இருமலை எழுதக் கூடாது.

அன்று மேசைமேல் வரைவுக் கொள்கை,
நாற்பத்தேழு பக்கம்.
எந்த வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில்
ஒரு பசுமைவெளி என்றது பிரிவு மூன்று.
வரைபடம் முழுக்கப் பச்சை வட்டங்கள்,
தூறல் விழுந்த குளம்போல
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

யஸ்னா பராசா எழுந்தாள்.
திட்டப் பிரிவில் இளநிலைப் பொறியாளர்,
காலணியில் இன்னும் செம்மண்.
"பத்து நிமிடம், இறங்குவதற்கு" என்றாள்.
"ஏறுவதற்கு இருபத்தாறு.
நூற்று அறுபத்திரண்டு படி.
எண்பதாவதில் ஒரு நாய் படுத்திருக்கிறது,
அதைத் தாண்டும் நேரத்தை நான் சேர்க்கவில்லை."

சிரித்தார்கள்.
சிரிப்பையும் எழுதக் கூடாது.

பிறகு பின்னிணைப்பு இ:
விளையாட்டு மைதானம் எனப்படுவது
இத்தனை நீளம், இத்தனை அகலம், வடிகால்,
சரிவு இரண்டு சதவீதத்துக்கு மிகாமல்.
"அத்திமர ஓடைக்கு மேலே ஒன்று இருக்கிறது,
அதன் சரிவு பதினொன்று."
"அப்படியானால் அது மைதானம் இல்லை"
என்றார் உறுப்பினர் இரிபாரென்.

கெட்டவர் இல்லை அவர்.
அளவுகோலை எடுத்துவிட்டால்
அந்த இடத்தில் யாருடைய கை வந்து அமரும் என்று அறிந்தவர்.
முன்பொரு காலத்தில்
ஒருவருடைய மாமனார் வீட்டு வாசலில் மட்டும்
நீரூற்று முளைத்த கதையை
இன்னும் சொல்வார்.

மைதானம் இல்லையென்றால், வேறென்ன?
பின்னிணைப்பு ஈ: பயன்பாடற்ற நிலம்.
பயன்பாடற்றதை விற்கலாம்.

யஸ்னா விளக்கினாள்.
மேலிருந்து ஆடும் அணிக்கு
இரண்டு கோல் கழிவு. இடைவேளையில் பக்கம் மாறும்.
கீழே, கடைசித் தகரக் கூரையருகே
தமரிஸ் நிற்பாள், வயது பதினொன்று.
தப்பி ஓடும் பந்தை மறிப்பது அவள் பொறுப்பு.
அவள் விட்டால் துறைமுகத்தில்தான் நிற்கும்.
ஒருமுறை அப்படிப் போய்
மீன் லாரியில் திரும்பி வந்தது,
மூன்று நாள் யாரும் தலையால் முட்டவில்லை.

"அவளை எந்தப் பத்தியில் சேர்ப்பது?" என்றாள்.
"ஆடுபவளா, பார்ப்பவளா, பணியாளா?"
கணக்கு அதிகாரி கேட்டார்:
"காப்பீடு உண்டா?"

மூன்றுக்கு மூன்று.
நான் எழுதியது: பின்னிணைப்பு இ,
சொல் திருத்தம், ஒத்திவைக்கப்பட்டது.

ஞாயிறன்று நானும் ஏறினேன்.
ஏன் என்று கேட்டால், படி எண்ணத்தான்.
எனக்கு நூற்று அறுபத்து நான்கு வந்தது.
மேலே, மைதானத்தின் நட்டநடுவில்
முழந்தாளிட்டிருந்தார் இரிபாரென்,
கையில் கொத்தனாரின் ரசமட்டம்.
குமிழி ஒரு மூலைக்கு ஓடிப்போய்
வர மாட்டேன் என்றது.
அவரைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.
ஒரு பந்து அவர் பக்கம் உருண்டது,
அலுவலகச் செருப்போடு காலை நீட்டினார், தவறியது.
கீழேயிருந்து ஒரு குரல்:
"ஐயா, அது என் வேலை!"

அடுத்த கூட்டத்தில் அவரே முன்மொழிந்தார்:
இரண்டு சதவீதத்துக்கு மிகாமல்,
அல்லது, கீழே மறிக்க ஆள் நிற்கும் இடத்தில்,
அங்குள்ளோர் ஆடும் அளவுக்கு.
குழு ஏற்றது.
சட்டப் பிரிவு அடித்தது, சிவப்பு மையில்,
ஒரே கோடு.

கொள்கை அச்சுக்குப் போன இரவு
பின்னிணைப்பு ஈ-யைத் தட்டச்சு செய்தவன் நான்.
விற்கத்தக்க மனைகள் முப்பத்தொன்று.
தாளில் இருப்பது முப்பது.
மறதி என்று சொல்லிக்கொள்ளலாம்.
மாமனாரின் நீரூற்றும்
இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று
படுக்கையில் தோன்றியது, புரண்டு படுத்தேன்.

இதுவரை யாரும் கேட்கவில்லை.
மனை எண் 4418.
இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.