கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி

தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.
வீட்டுக்கு வெளியே வைக்கும் விறகு உலை
அண்டை வீட்டுக்கு முந்நூறு அடிக்குள் இருந்தால்
அதன் புகைபோக்கி அந்த வீட்டு முகட்டைவிட
இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும்.
மே முதல் செப்டம்பர் வரை மூட்டக் கூடாது.
பெயின்ட் அடித்த பலகை, டயர், ஈர விறகு, எதுவும் ஆகாது.

மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது.
வெர்மான்ட்டில் மார்ச் மாதம்;
எங்கள் ஊர் மன்றத்தில் காபி ஆறிக் கிடந்தது.

டோரீன் ஸ்டாக்வெல்
மகனின் படுக்கையறை ஜன்னலைத் துடைத்த துணியை
மேசையில் விரித்தாள். பேசவில்லை.
அல்வின் பெல்க்கி தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்:
"எண்ணெய் லாரிக்காரனுக்கு யார் பணம் கொடுப்பது,
நீங்களா?"
குறிப்பேட்டில் கேள்வியை எழுதினேன்.
தொப்பியை எழுதவில்லை.

அக்டோபரில் ஏணி போட்டு ஏறி
குழாய்மேல் குழாய் செருகி
நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்.
அளக்கப் போனேன்.
இரண்டடி, அதற்குமேல் ஓர் அங்குலம்.
"அந்த அங்குலம் உனக்கு" என்றார்.

ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
டோரீன் வீட்டு ஜன்னல் பளிச்சென்று இருக்கிறது.
புகை அவள் கூரையை
மரியாதையாகத் தாண்டி,
ஓடைப் பள்ளத்தில் கொஞ்சம் நின்று,
மெல்ல இறங்குகிறது
நானூற்றுப் பத்தடி தள்ளி
என் சமையலறையில்.

மேப்பிள் விறகு. சரியாகக் காயவில்லை.

விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறேன்.
முந்நூறு என்றுதான் இருக்கிறது,
எண்ணாலும் எழுத்தாலும்.
ஒரு பிழைகூட விடவில்லை நான்.