சுவர் பார்த்தது

லெபோ நூர்டினில் நாற்பத்தாறாம் எண் வீட்டின்
ஐந்தடிப் பாதைச் சுவரிலிருந்து
ராத்திரி ஏழு பூ ஓடுகளைப் பெயர்த்திருக்கிறார்கள்.
சுத்தமான வேலை.
பக்கத்து ஓட்டில் ஒரு கீறல் இல்லை.
"திருடனுக்கு எவ்வளவு பொறுமை,
என் மருமகனுக்கு இல்லையே" என்றார் மேடம் சியா,
கோப்பிக் குவளையை மூடி வைத்துக்கொண்டே.

நான் கணக்கெடுக்கிறவள்.
கையில் படிவம்: நீளம், அகலம், நிறம், சேதம்.
போன மார்ச்சில் இதே சுவருக்கு
நானே எழுதியது கோப்பில் இருக்கிறது:
நூற்றுப் பன்னிரண்டு ஓடுகள். ஒரே வகை. ஒரே காலம்.

ஓடு என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில்
நிற்காதே என்றும் பொருள்.
பாரசீகத்து மாடத்தில் நட்சத்திரமாய் இருந்தது,
போர்ச்சுகலில் நீலக் கப்பலாகி,
சீனப் பீங்கானுக்கு ஏங்கிய டச்சுக்காரனிடம்
காற்றாலையாகி,
ஈரம் வற்றிய களிமண் பொடியை
இரும்பு அச்சில் அழுத்த இங்கிலாந்து கற்றபின்
வைக்கோல் பெட்டியில் படுத்து
இந்தத் துறைமுகத்தில் இறங்கியது.
ஒவ்வொரு கரையிலும் யாரோ ஒருவர்
அடுத்த வீட்டுப் பூவைப் பார்த்து வரைந்தார்.
யாரும் போலீசுக்குப் போகவில்லை.

இந்த வீட்டுப் பூவையே எடுங்கள்.
வரைந்தவன் ரோஜா என்றுதான் நினைத்திருப்பான்.
மேடம் சியாவுக்கு அது பியோனி, வாசலில் பணம் கொண்டுவரும் பூ.
எனக்கு எப்போதும் செம்பருத்தி.
பெயர்த்தவனுக்கு எண்பது ரிங்கிட்.

ஓடு போன இடத்தில் சுண்ணாம்பு.
சுண்ணாம்பில் எழுத்து, வலமிருந்து இடமாக.
ஓட்டின் முதுகில் புடைத்திருந்த பெயர்
சாந்து குழைவாய் இருந்த நாளில் உள்ளே அழுந்தி
இத்தனை காலமும் குப்புறக் கிடந்திருக்கிறது.
தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.
கரிக்குள் வெள்ளையாய் எழும்பியது.
திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.
முதல் குழி: இங்கிலாந்து.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது: ஜப்பான்.

எப்போதோ ஓர் ஓடு உடைந்திருக்கும்.
அதே பூவை வேறொரு தேசம் செய்து அனுப்பியிருக்கும்,
நீலத்தில் ஒரு துளி மட்டும் கூட.
மேடம் சியா மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார்.
ஜப்பான்காரன் காலத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவர் அவர் மாமனார்.
சாகிற வரைக்கும் சாயங்காலம் சாயங்காலம்
இந்தச் சுவரில் சாய்ந்துதான் சுருட்டுப் பிடித்தார்.
"தெரிந்திருந்தால் கோடாலி எடுத்திருப்பார்."
கொஞ்சம் பொறுத்து,
"இல்லை, இடம் மாறி உட்கார்ந்திருப்பார்."

நாலாவதில் ஒன்றும் தேறவில்லை. பாசி.

ஐந்தாவது குழியில் மேல்சாந்தும் ஓட்டோடு போய்விட்டது.
அடிப்பூச்சில் கரணை நுனியால் கீறிய இரண்டு குறிகள்.
விரிசல் என்றார் மேடம் சியா.
நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

௰௩.

நேராகவே இருந்தது. திருப்பத் தேவைப்படவில்லை.
பதிமூன்று.
எதன் பதிமூன்று?
பதித்த ஓடா, கைக்கு வராத கூலியா,
கடைச்சோற்றுக் கடனா?
ஓடு மூடிவிடும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான்.
எனக்கு உறவு என்று சொல்ல மாட்டேன்.
அப்படிச் சொல்வது சுலபம்.
சேதம் என்ற கட்டத்தில்
அந்த இரண்டு எழுத்தை மட்டும் எழுதினேன்.
மேலதிகாரி பிழை என்று அடிப்பார்.

மறுநாளே கொத்தனார் வந்து
ஏழு குழியையும் சிமெண்டால் மெழுகிவிட்டார்.
மழை உள்ளே இறங்குமாம். இறங்கும்தான்.

வியாழக்கிழமை, ஜாலான் பிந்தால் தாலி.
பழம்பொருள் கடைக் கண்ணாடிக்குள் செம்பருத்தி.
சீட்டில்: அசல் இங்கிலாந்து, நூற்றிருபது.
கையில் வாங்கித் திருப்பினேன்.
அமிலம் போட்டுக் கழுவியிருந்தார்கள்.
சாந்து போய் ஜப்பான் பளிச்சென்று இருந்தது.
"பூவைப் பாருங்க மிஸ்" என்றார் கடைக்காரர்.
"முதுகைச் சுவர்தான் பார்க்கும்."

பைக்குள் கைவிட்டேன்.
நாலாய் மடித்த தாள்,
பென்சில் கரி விரலில் ஒட்டியது.
அவருடைய கல்லாப்பெட்டி மேலேயே
விரித்து வைத்தேன்.