கேப்பு ஸ்டாக் இல்லை

நாகர்கோவிலில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.
திருநெல்வேலியில் அடுத்த மாசம் என்றார்கள்,
எட்டு மாசமாக.
குழல் நன்றாயிருக்கிறது, மருந்து இருக்கிறது,
லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை இருக்கிறது.
சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத
அந்தச் செம்புத் தொப்பி மட்டும் இல்லை.

பேச்சிப்பாறையில் பஸ் ஏறி
சாக்கில் சுருட்டிய தோக்குடன்
அழகியமண்டபத்தில் இறங்கினார் ஞானாபரணம்.
ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்குப்
பல் வெட்டுகிறவள் நான்.
"கல்லு வச்சுத் தட்டுற மாதிரி மாத்த முடியுமா மோளே?
கல்லுக்கு ஸ்டாக் தீராதுல்லா."

இரும்பை இதுவரை
ஒரு திசையில்தான் பழுது பார்த்திருக்கிறேன்.
நூறு வருஷம் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால்
எந்த ஸ்கேலை வைத்து அளப்பது?

ஸ்டேஷனில் ரைட்டர் தாளைப் புரட்டினார்.
கேப்புத் தோக்கு என்று எழுதியிருக்கிறது,
கல்லுத் தோக்கு என்று எழுதக் கட்டம் இல்லை,
மேலே கேட்கிறேன் என்றார்.
இருபத்துமூன்றாம் நாள் பதில் வந்தது:
வெடிக்கும் முறையில் மாற்றம். ஆட்சேபனை இல்லை.

ஆட்சேபனை இரும்புக்கு இருந்தது.
நிப்பிள் மூன்று நாள் மண்ணெண்ணெயில் கிடந்து
நாலாம் நாள்தான் அசைந்தது.
அது இருந்த இடத்தில் புஷ் இறக்கி
ஊசி நுழைய ஒரு கண் வைத்தேன்.
கண்ணுக்கு வெளியே
கண்மை டப்பி மூடியளவுக்கு ஒரு கிண்ணம்.
கல்லைக் கடிக்கச் சுத்திக்கு இரண்டு உதடு.
உதட்டுக்கும் கல்லுக்கும் நடுவில்
என் அறுந்த செருப்பின் தோல்.

கல்லுக்குக் கோதையாற்றங்கரை போனோம்.
சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் போல
ஒவ்வொன்றாய்க் காதருகே தட்டிப் பார்த்தார்.
வெங்கச்சங்கல், பால் வெள்ளை.
உடைத்ததில் பத்துக்கு ஒன்று தேறியது.

எதிரே நிற்கும் தகடுதான் படுத்தியது.
கல் அடித்தது. கீறல் விழுந்தது. பொறி இல்லை.
மெத்தென்ற இரும்பு,
எந்த அடியையும் வாங்கிக்கொண்டு
ஒன்றும் சொல்லாத இரும்பு.
அதை எனக்குத் தெரியும்.
திங்கள்நகரில் ஒரு வீட்டில்
பதினோரு வருஷம் அப்படி இருந்திருக்கிறேன்.

டப்பா நிறையச் சிரட்டைக்கரி போட்டு
நடுவில் அதைப் புதைத்து
ராத்திரி முழுக்க உலையில் பழுக்க வைத்தேன்.
விடியக்காலம் தண்ணீரில் போட்டபோது
கத்தியது.
அதன் பிறகு
அடித்தால் பதில் சொன்னது.

ஆடிச்சாரல் விட்ட ஒரு ராத்திரி
அவர் மரச்சீனி விளைக்குப் போனேன்.
குண்டு போடலை, கொல்லாண்டாம்,
சத்தம் மட்டும் போதும் என்றார்.
கிண்ணத்தின்மேல் ஈரம் படாமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
இரண்டு மணிக்கு ஒரு தண்டு ஒடிந்தது.
பிறகு நிறைய.

கேப்பு என்றால் இழுத்ததும் வெடி,
நடுவில் ஒன்றும் கிடையாது.
இதில் கல் விழ வேண்டும், பொறி சிந்த வேண்டும்,
கிண்ணம் பற்றி
கண் வழியே தீ உள்ளே போக வேண்டும்.
கண்ணிமைக்கும் நேரம்தான்.
அந்த நேரத்தில்
நனைந்த இலை அத்தனையும் தெரிந்தது,
தாய்ப்பன்றியின் மூக்கில் அப்பியிருந்த மண் தெரிந்தது,
ஞானாபரணம் கண்ணை இறுக மூடியிருந்தது தெரிந்தது.

பன்றிகள் வெளிச்சத்துக்கே ஓடிவிட்டன.
வெடித்தபோது கேட்க
ஒடிந்த தண்டுகளும் நாங்களும்தான் இருந்தோம்.

"வேலை கொள்ளாம். ஆனா சத்தம் லேட்டு" என்றார்.
கூலியில் முந்நூறு குறைத்தார்.

கழற்றிய நிப்பிளை அவர் கேட்கவில்லை.
என் மேசை டிராயரில் கிடக்கிறது.
ரோலர் எடுக்க வந்த பையன் உருட்டிப் பார்த்து
இது எந்த வண்டிக்கு எக்கா என்றான்.
வாயில் வைத்து
ஊதிக் காட்டினேன்.